டிராக்டரின் ஆர்.பி.எம். மீட்டர்: ஒயர் இணைப்பும் பழுது பார்த்தலும்

கிணற்று மோட்டாரின் தகட்டில் 1440 என்று பொறித்திருப்பதை விவசாயிகள் அறிவார்கள். மோட்டார் ஒரு நிமிடத்தில் அத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று பொருள். ஆனால் வயலில் ஓடும் டிராக்டர் எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடுகிறது என்று கேட்டால், "சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்வோம்" என்பதுதான் பலரது பதில். பழைய வண்டிகள் பலவற்றில் ஆர்.பி.எம். மீட்டரின் முள் அசையாமல் கிடப்பதே இதற்குக் காரணம். இதைச் சரிசெய்ய ஆகும் செலவு குறைவு. சரிசெய்யாமல் விடுவதால் வரும் நட்டம் அதிகம்.

மீட்டர் இல்லாததால் வரும் நட்டம்

கதிரடிக்கும் இயந்திரம், ரோட்டவேட்டர், பம்பு ஆகியவற்றில் பெரும்பாலானவை பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. சுற்று குறைந்தால் நெல் முழுதாக உதிராது. பதர் பிரியாமல் தானியத்தோடு வரும். கூடினால் மணி உடையும், பெல்ட்டும் பேரிங்கும் தேயும், டீசலும் வீணாகும். பம்பில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். 540 சுற்றுக்குப் பதில் 486 சுற்றில், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைவாக ஓட்டினால், நீரை மேலேற்றும் உயரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

டிராக்டரை வாடகைக்கு எடுப்பவரும் இதைக் கவனிக்க வேண்டும். பழைய கேபிள் மீட்டர்களில் உள்ள மணிக்கணக்கு உண்மையில் எஞ்சினின் சுற்றுக்கணக்கே ஆகும். 1500 சுற்றுக்கு அமைத்த மீட்டர், எஞ்சின் 1000 சுற்றில் ஒரு மணி நேரம் ஓடினால் 40 நிமிடம் என்றே காட்டும். ஆகவே வாடகை கைக்கடிகாரப்படியா, மீட்டர்ப்படியா என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நலம். கேபிள் அறுந்தால் மணிக்கணக்கும் நின்றுவிடும்; எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டிய நேரம் தெரியாமலே கடந்துவிடும்.

மீட்டர் எதை எண்ணுகிறது?

மின்சாரத்தால் இயங்கும் மீட்டர் சுற்றை நேராக அளப்பதில்லை. தன்னிடம் வந்து சேரும் மின் துடிப்புகளை எண்ணுகிறது. நெய்வேலியை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். அங்கே 1962இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. இன்று இயங்கும் புதிய அனல் மின் நிலையத்தில் 500 மெகாவாட் அலகுகள் இரண்டு உள்ளன. அவற்றின் டர்பைன்கள் நிமிடத்துக்கு 3000 சுற்று, அதாவது நொடிக்கு 50 சுற்றுச் சுற்றுகின்றன. அதனால்தான் நம் வீட்டுக்கு வரும் மின்சாரமும் நொடிக்கு 50 அலை கொண்டதாக இருக்கிறது. அலையை எண்ணினால் சுற்று தெரிந்துவிடும்.

டிராக்டரின் ஆல்டர்னேட்டரும் ஒரு சிறு மின் நிலையமே. பேட்டரிக்குப் போகும் முன்பு அதனுள் உண்டாவது அலை மின்சாரம். அந்த அலையை வெளியே எடுக்கும் முனைக்கு டபிள்யூ முனை என்று பெயர். மீட்டருக்குச் செய்தி போவது இந்த முனையிலிருந்துதான்.

பழைய பெட்ரோல் காரில் ஏற்பாடு வேறு. அங்கே இக்னிஷன் காயிலின் மைனஸ் முனையிலிருந்து ஒயர் எடுக்கப்படும். மீட்டர் ஸ்பார்க்குகளை எண்ணும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் சுற்றுக்கு 2 ஸ்பார்க். 1983 முதல் 2014 வரை தயாரான மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் காரில் சுற்றுக்கு ஒன்றரை ஸ்பார்க். நான்கு சிலிண்டருக்கு அமைத்த மீட்டரை அதில் பொருத்தினால் 1000 சுற்றை 750 என்று காட்டும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க்கே கிடையாது. ஆகையால் பெட்ரோல் காருக்கான மீட்டரை வாங்கி டிராக்டரில் அப்படியே பொருத்தினால் அது வேலை செய்யாது. கடையில் கேட்கும்போது "டீசல் வண்டிக்கு, ஆல்டர்னேட்டர் டபிள்யூ முனைக்கானது, 12 வோல்ட்" என்று சொல்லி வாங்க வேண்டும்.

ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ உள்ள மிகப் பழைய வண்டிகளில் டபிள்யூ முனை இராது. அவற்றுக்குக் கேபிள் மீட்டரே ஏற்றது.

ஒயர் இணைக்கும் முறை

1. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடவும். பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றவும். பெரும்பாலான வண்டிகளில் மைனஸ் முனையே எர்த் ஆகும். சில பழைய வண்டிகளில் மாறி இருக்கக்கூடும். அதைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பின்பே வேலையைத் தொடங்கவும்.

2. மீட்டரின் பிளஸ் முனைக்குச் சாவி ஸ்விட்சின் வழியாக மின்சாரம் வர வேண்டும். பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால், வண்டி நிற்கும்போதும் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த ஒயரில் 5 ஆம்பியருக்கு மேற்படாத பியூஸ் ஒன்றைப் போடவும்.

3. எர்த் ஒயரைப் பெயிண்ட் சுரண்டிய சுத்தமான இரும்பில் போல்ட் வைத்து இறுக்கவும். துருவின் மேல் வைத்த எர்த் பல கோளாறுகளுக்குத் தாயாகும்.

4. செய்தி ஒயரை டபிள்யூ முனையில் இணைக்கவும். இதைப் பேட்டரிக்குப் போகும் தடித்த ஒயர் உள்ள முனையில் இணைக்கக் கூடாது. டபிள்யூ முனை இல்லாத ஆல்டர்னேட்டரில், அதைப் பிரித்து உள்ளிருந்து ஒயர் எடுக்க ஆட்டோ எலக்ட்ரீஷியனால் முடியும்.

5. நான்காவது ஒயர் மீட்டரின் உள்விளக்குக்கானது. அதை முன்விளக்கு ஸ்விட்சில் சேர்க்கவும்.

6. ஒயர்களைச் சைலன்சரிலும் பேன் பெல்ட்டிலும் படாதபடி குழாயில் செலுத்திக் கட்டவும்.

மீட்டரை அளவுக்குக் கொண்டுவருதல்

எஞ்சின் புல்லி 18 செ.மீ., ஆல்டர்னேட்டர் புல்லி 9 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் ஆல்டர்னேட்டர் இரண்டு சுற்றுச் சுற்றும். 12 துருவம் உள்ள ஆல்டர்னேட்டர் சுற்றுக்கு 6 அலை தரும். ஆக, எஞ்சினின் ஒரு சுற்றுக்கு 12 அலை. வண்டிக்கு வண்டி இந்த எண் மாறும் என்பதால், மீட்டரின் பின்புறம் அளவு திருத்தும் திருகு இருக்கும்.

திருகைச் சரியாக வைக்க உண்மையான சுற்று தெரிய வேண்டும். மெக்கானிக்கிடம் ஒளி மூலம் சுற்றை அளக்கும் கைக்கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு பழைய டியூப் லைட் போதும். இரும்புச் சோக் உள்ள ஒற்றை டியூப் லைட், லைன் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுங்கும். எஞ்சினை நிறுத்திய நிலையில், புல்லியின் முகத்தில் சம இடைவெளியில் நான்கு வெள்ளைக் கோடுகள் வரையவும். மாலை இருட்டில் டியூப் வெளிச்சத்தில் மட்டும் எஞ்சினை ஓட்டி, சும்மா ஓடும் வேகத்திலிருந்து மெல்லக் கூட்டவும். சரியாக நான்கு கோடுகள் மட்டும் அசையாமல் நிற்பதுபோல் முதன்முதலில் தோன்றும் வேகம் 1500 சுற்று ஆகும். அதற்கு முன் எட்டுக் கோடுகளோ பன்னிரண்டு கோடுகளோ தோன்றினால் அதைக் கணக்கில் கொள்ள வேண்டாம். இப்போது திருகைத் திருப்பி முள்ளை 1500இல் வைக்கவும். ஜெனரேட்டர், இன்வர்ட்டர் மின்சாரத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. எல்.இ.டி. விளக்கும் பயன்படாது.

எச்சரிக்கை: இந்த வெளிச்சத்தில் சுற்றும் புல்லி நிற்பதுபோலவே தோன்றும். அதை நம்பிக் கை நீட்டினால் கை போய்விடும். மூன்றடி தள்ளி நின்றே பார்க்கவும். தொங்கும் வேட்டி, துண்டு வேண்டாம். சிறுவர்களை அருகில் விடவே கூடாது. புகை வெளியேற வழியில்லாத மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டவும் கூடாது.

பி.டி.ஓ. 540 சுற்றுக்கு எஞ்சின் எத்தனை சுற்றில் ஓட வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டில் பார்த்து, மீட்டர் கண்ணாடியில் அந்த இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் வண்டியை யார் ஓட்டினாலும் தவறு வராது.

பழுதும் காரணமும்

முள் அசையவே இல்லை: முதலில் பியூஸையும், அடுத்து மீட்டரின் பிளஸ் முனையில் 12 வோல்ட் வருகிறதா என்பதையும், அதன்பின் எர்த்தையும் பார்க்கவும். இவை சரியாக இருந்து சார்ஜ் விளக்கும் அணையாமல் எரிந்தால், குறை மீட்டரில் இல்லை. ஆல்டர்னேட்டரில் அல்லது பெல்ட்டில் இருக்கிறது.

வண்டி கிளம்பியதும் முள் பூஜ்யத்தில் நின்று, ஒருமுறை வேகம் கூட்டிய பின் எழுகிறது: ஆல்டர்னேட்டர் அதுவரை மின்சாரம் தரத் தொடங்கவில்லை. சார்ஜ் விளக்கின் பல்பையும் அதன் ஒயரையும் சோதிக்கவும்.

முன்விளக்கைப் போட்டதும் முள் இடம் மாறுகிறது: எர்த் சரியில்லை.

முள் துள்ளுகிறது: டபிள்யூ முனை தளர்ந்திருக்கும், அல்லது ஒயர் எங்கேனும் உரசும்.

பாரம் ஏறும்போது எஞ்சின் சத்தம் மாறாமல் இருக்க, முள் மட்டும் இறங்குகிறது: பெல்ட் வழுக்குகிறது. மீட்டரைக் குறை சொல்ல வேண்டாம், பெல்ட்டை இறுக்கவும்.

கேபிள் மீட்டரில் முள் ஊசலாடுகிறது: கேபிள் வளைந்திருக்கும், அல்லது உள்ளே காய்ந்திருக்கும். உட்கம்பியை உருவித் துடைத்து, மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவிப் போடவும். மீட்டர்ப் பக்கத்து முனையில் ஓரிரு அங்குலத்துக்குக் கிரீஸ் வேண்டாம். அது மீட்டருக்குள் ஏறிக் கெடுத்துவிடும்.

அறுவடை தொடங்கும் முன்பே இந்த வேலையை முடித்து, ஆண்டுக்கு ஒருமுறையும் பெல்ட் மாற்றும் போதெல்லாமும் முள்ளைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பொய் சொல்லும் மீட்டரை நம்பி ஓட்டுவது, மீட்டர் இல்லாமல் ஓட்டுவதைவிடக் கெடுதல்.