பூட்டைத் திறக்கும் கருவி யார் கையில்?

கடையை அடைத்து, ஷட்டரை இறக்கி, இரண்டு பக்கமும் பூட்டி, ஒரு முறைக்கு இரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறோம். சாவி நம்மிடம் இருக்கிறது. வேறு எவரிடம் திறக்கும் கருவி இருக்கப்போகிறது என்ற தைரியத்தில் உறங்குகிறோம். அந்தத் தைரியம் சரிதானா என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

மேலை நாடுகளில், சாவியின்றிப் பூட்டைத் திறப்பதைச் சதுரங்கம் போல ஒரு பொழுதுபோக்காகவே கொண்டவர்கள் உண்டு. திருடுவது அவர்கள் நோக்கமன்று. தம் பூட்டையோ, உடையவர் அனுமதி தந்த பூட்டையோ மட்டும் தொட வேண்டும் என்பது அவர்கள் சங்கங்களின் விதி. அவர்களுக்குக் கருவி கிடைத்த கதையில் நமக்குப் பாடம் இருக்கிறது.

முதலில் 1851-ஆம் ஆண்டுக்குச் செல்வோம். லண்டனில் பிராமா நிறுவனம் தன் கடைச் சன்னலில் ஒரு பூட்டை வைத்து, அதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்திருந்தது. அதுவரை ஒருவராலும் முடியவில்லை. அவ்வாண்டு உலகக் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஹாப்ஸ், தனிக் கருவிகளைக் கொண்டு, 16 நாட்களில் சுமார் 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்தார். புகழ்பெற்ற சப் பூட்டோ சுமார் 25 நிமிடத்தில் திறந்துகொண்டது. ‘இதை வெளியே சொல்லலாமா?’ என்று பலர் கொதித்தனர். ‘திருடருக்கு இது முன்பே தெரியும், நேர்மையானவர்தாம் அறிய வேண்டும்’ என்பது ஹாப்ஸ் தரப்பு வாதம்.

அடுத்து 1990-கள். அமெரிக்காவில் இக்கருவிகளைப் பூட்டுத் தொழிலில் உள்ளோர் போன்ற சிலருக்குத் தவிர மற்றவருக்குத் தபாலில் அனுப்பச் சட்டம் தடை செய்கிறது. பொழுதுபோக்காளர் என்ன செய்தனர்? தாமே செய்துகொண்டனர். 1991-இல் எம்.ஐ.டி. மாணவர் வட்டாரத்திலிருந்து வந்த ஒரு கையேடு, தெரு கூட்டும் வண்டியின் தூரிகையிலிருந்து உதிரும் எஃகுக் கம்பியே போதும் என்றது. 1997-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இதற்கெனச் சங்கமே தோன்றியது.

இன்றோ இணையக் கடைகளில் கருவிப் பெட்டியும், உள்ளே நடப்பது தெரியும் கண்ணாடி போன்ற பயிற்சிப் பூட்டும் சேர்ந்தே விற்கின்றன. ஜப்பான் தக்க காரணமின்றி இவற்றை வைத்திருப்பதை 2003-லேயே தடுத்தது. எனினும் குப்பையில் கிடக்கும் கம்பியைச் சட்டத்தால் எப்படித் தடுக்க முடியும்?

இந்தப் பொழுதுபோக்காளரால் நன்மையும் உண்டு. வெட்டித் திருத்திய ஒரு சாவியைச் செருகித் தட்டினாலே பல பூட்டுகள் திறந்துவிடும் என்பதை 2005-இல் நெதர்லாந்துக்காரர் இருவர் விளக்கி எழுதினர். அதன்பின் அதைத் தாங்கும் பூட்டுகளைப் பல நிறுவனங்கள் முன்வைத்தன. குறையை மறைத்திருந்தால் ஏமாந்திருப்பது பூட்டு வாங்கியவர்தாம்.

ஆகவே, கருவி கிடைக்காது என்பது ஒருபோதும் காவலாக இருந்ததில்லை. பூட்டு நமக்கு வாங்கித் தருவது நேரம் மட்டுமே. பிராமா பூட்டு 51 மணி நேரம் தந்தது. மலிவுப் பூட்டு ஒரு நிமிடம்கூடத் தராமல் போகலாம். நாம் செய்ய வேண்டியவை:

1. பளபளப்பையும் எடையையும் பார்த்துப் பூட்டு வாங்க வேண்டாம். உள்ளே எத்தனை லீவர், வளையம் எப்படிப்பட்ட எஃகு என்று கேட்டு வாங்குவோம்.

2. பூட்டு உறுதியாக இருந்து, அதை மாட்டும் கொண்டி துருப்பிடித்திருந்தால் பயனில்லை. கடப்பாறைக்குக் கைத்திறன் தேவையில்லை.

3. சாவி வைத்திருந்த ஆள் வேலையை விட்டு நின்றால், சாவியை மட்டும் வாங்கிக்கொள்ளாமல் பூட்டையே மாற்றுவோம். ஒரு சாவிக்கு மறுசாவி செய்வது, எந்தக் கருவியையும்விட எளிது.

4. கடைச் சாவியைக் கல்லாவின் மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டாம்.

5. இரவில் வாசல் விளக்கு எரியட்டும். கல்லாவில் பணம் தங்க வேண்டாம்.

ஆயிரக்கணக்கில் சரக்கு அடுக்கி வைத்துவிட்டு, பூட்டில் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிப்பது சிக்கனமன்று. இன்றிரவு கடை அடைக்கும்போது, பூட்டை இழுத்துப் பார்ப்பதோடு கொண்டியையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்போம்.