இளஞ்சிறார்க்கு வாசிப்புத் தொடங்குமாறு

விஜயதசமியன்று ஏடு தொடக்கி, அரிசியிலே எழுத்தெழுதுவித்த அளவில் ஆசிரியர் கடமை முற்றுவதன்று. அதன்பின் வரும் முதலாண்டே பிள்ளை நூலை விரும்புவதற்கும் வெறுப்பதற்கும் வித்தாகும்.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் (1822–1879) யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்துமிருந்தவர்கள். 1848-இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, பிள்ளைகளின் தரத்துக்கேற்பப் பாலபாடங்களை இயற்றி அச்சிட்டார்கள். மிஷன் பாடசாலையில் எழுத்தறிந்த யாமும் நன்முறை எங்கிருப்பினும் கொள்ளத்தக்கதென்றே துணிகின்றோம்.

முதலாவது, எழுத்தின் ஒலியை முன்னும் பெயரைப் பின்னும் கற்பிக்க. குறிலாகிய அகரத்தை ‘ஆனா’ என நெடிலொலியாற் பெயரிட்டு வழங்குதலின், ‘அணில்’ என்பதை எழுத்துக்கூட்டப் புகும் பிள்ளை மயங்கும்.

இரண்டாவது, 247 எழுத்தும் முற்றும்வரை சொற்களை மறைத்து வையற்க. ட, ப, ம என்னும் மூன்றனையும் புள்ளியையும் அறிந்த பிள்ளை படம், மடம், பட்டம், மட்டம் என்பவற்றைத் தானே வாசிக்கும். அம்மகிழ்ச்சியே அடுத்த எழுத்துக்கு அதனை அழைத்துச் செல்லும்.

மூன்றாவது, கொம்பு. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்கு முன்னே எழுதப்பட்டுப் பின்னே ஒலிப்பன. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்னும் நம்மூர்ப் பெயர்களிலேயே இவை நிறைந்துள்ளன. ஆதலின் கொம்பைத் தனியே பெயர்சொல்லிக் காட்டாது, ‘வெ’, ‘சே’, ‘னை’ என ஒவ்வொன்றையும் ஓரெழுத்தாகவே காட்டி ஒலிப்பிக்க. பின்னர் வீதிப் பலகைகளில் அவற்றைத் தேடிவரச் செய்க. சிங்கள எழுத்திலும் கொம்பு முன்னே வருதலின், இரண்டினையும் கற்கும் கொழும்புப் பிள்ளைகளுக்கு இப்பயிற்சி இருவழியும் உதவும்.

இனி ஒன்று, நம் பாடசாலைகளுக்கே உரியது. தேவாரப் பதிகத்தை மனனஞ்செய்த பிள்ளை புத்தகத்தை விரித்து ஏந்தி ஓதுமாயின், வாசிக்கின்றதென்றே காண்போர் கருதுவர். எழுத்தறியாமை இவ்வாறு மறைந்திருந்து, மேல்வகுப்பிற் கணக்கும் சரித்திரமும் வாசித்தறிய வேண்டியபோது வெளிப்படும். அப்பொழுது அப்பிள்ளை ‘மந்தன்’ என்னும் பெயர் பெறும். ஆதலின் பதிகத்தின் நடுவே ஒரு சொல்லைச் சுட்டி, ‘இஃதென்ன?’ என வினவுக. விடை வாராதாயிற் கடியற்க. மனப்பாடத்தை விலக்கவும் வேண்டா. அதுவே நல்ல துணை. பிள்ளை மெல்ல ஓத, ஒவ்வொரு சொல்லின் கீழும் அதன் விரலை வைத்துச் செல்விக்க. நாவறிந்த சொல்லைக் கண்ணும் அறியும்.

ஒரு பிள்ளைக்கு நாடோறும் ஐந்து நிமிடம் இவ்வாறு செலவிடுதல் அரிதன்று. திருமுறையை ஓதுவதோடு, தானே எடுத்து வாசிக்கவும் வல்ல பிள்ளைகளை ஆக்குதல் நம் கடன்.