பதநீர் காய்ச்சும் அடுப்புக்கு எந்தக் கல் ஏற்றது?

சாகுபுரம், ஆறுமுகநேரி, காயாமொழி, உடன்குடி வட்டாரங்களில் பங்குனி முதல் ஆடி வரை பதநீர்ப் பருவமாகும். இறக்கிய பதநீரைப் புறக்கடையிலோ விடிலியிலோ காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது பெரும்பாலும் பெண்களின் வேலை. கருப்பட்டியின் விலை பற்றிப் பேசுகிறோம். அதைக் காய்ச்சும் அடுப்பைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

பத்து லிட்டர் பதநீரிலிருந்து ஒரு கிலோ அல்லது சற்றுக் கூடுதலாகக் கருப்பட்டி கிடைக்கும். மீதியெல்லாம் நீராவியாகப் போக வேண்டிய தண்ணீரே. இதற்குச் சுமார் 5,400 கிலோ கலோரி வெப்பம் தேவை. வெப்பம் முழுவதும் சட்டிக்கே சேருமானால் ஒன்றரைக் கிலோ காய்ந்த விறகு போதும். ஆனால் மூன்று கல் கூட்டிய திறந்த அடுப்பில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கே சட்டிக்குச் சேருகிறது. ஆகவே பத்து கிலோவுக்குக் குறையாமல் விறகு எரிகிறது. குழி வெட்டிச் சுற்றிலும் சுவர் வைத்து, கால் பங்கு வெப்பத்தைச் சட்டிக்குச் சேர்த்தாலும் ஆறு கிலோவில் வேலை முடியும், புகையும் குறையும்.

அடுப்பைக் கட்டுமுன் கல்லைக் கவனிக்க வேண்டும். நம் கடலோரத்தில் எளிதில் கைக்கு வருவது சுண்ணாம்புக் கல்லும் பவளக்கல்லும்தான். முன்பு தூத்துக்குடிப் பகுதியில் வீடு கட்டவும், காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கவும் பவளக்கல் பயன்பட்டது. காளவாசலுக்கு ஏற்ற கல் அடுப்புக்கு ஆகாது. விறகுத் தீயின் நடுப்பகுதியில் வெப்பம் 800 முதல் 900 டிகிரி சென்டிகிரேடை எட்டும். அந்த வெப்பத்தில் இக்கல் கரியமிலவாயுவை இழந்து, சிறிது சிறிதாகச் சுட்ட சுண்ணாம்பாக மாறும். பிறகு பதநீர் பொங்கி வழிந்தாலும் மழைத்தூறல் பட்டாலும் அது சூடேறி, ஊதி, பொடியாக உதிரும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்புக்கு அளவு உண்டு; அடுப்பிலிருந்து உதிர்ந்து சட்டியில் விழுவதற்கு அளவு ஏது?

கல்லைச் சோதிப்பது எளிது. சிறிது சுரண்டி, அந்தத் தூளில் எலுமிச்சைச் சாற்றை விட்டுப் பார்க்கவும். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், ஒதுக்கிவிட வேண்டும். மேலும் பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பது சட்டப்படி குற்றம். 2001ஆம் ஆண்டு முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கிப்போனதற்குப் பவளக்கல் வெட்டியதும் ஒரு முக்கியக் காரணம்.

கருங்கல்லையும் தீ நேராகப் படும் இடத்தில் வைக்கலாகாது. ஈரம் ஊறிய கல் சூட்டில் சில்லுத் தெறிக்கும். ஓடைக் கற்களிலும் இதே தொல்லை உண்டு. வெளிச்சுவருக்குக் கருங்கல், தீ படும் உட்புறத்துக்கு நன்கு வெந்த செங்கல் என்று கட்டுவதே சரி.

சாந்துக்குச் சிமெண்ட் வேண்டாம். சூட்டில் வலுவிழந்து வெடிக்கும். தேரிச் செம்மணலில் களிப்பு போதாது. உப்பளத்தையொட்டிய உவர்மண்ணோ ஈரத்தை இழுத்துப் பொரிந்து போகும். குளத்துக் களிமண்ணுடன் மணலும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்து, நல்ல தண்ணீர் விட்டுப் பிசைந்து இரண்டு நாள் புளிக்கவிட்டுப் பயன்படுத்தலாம்.

குழியின் அகலம் சட்டியின் அளவைப் பொறுத்தது. சட்டியின் விளிம்பு சுவரில் நன்றாகப் படிய வேண்டும். விறகுக்கும் சட்டியின் அடிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி போதும். கோடையில் காலைக் காற்று மேற்கிலிருந்தும் பிற்பகல் காற்று கடலிலிருந்தும் வருவதால், அடுப்பு வாய் வடக்கு நோக்கியும் புகைபோக்கி தெற்கிலும் இருக்கட்டும். ஓலைக்கூரையிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளியிருப்பது நல்லது. கூப்பனி இறுகும் நேரத்தில் தீயைச் சட்டென்று தணிக்க வேண்டியிருக்கும். அதற்காக வாயை மூட ஒரு தகரம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

கட்டிய அடுப்பை ஒரு வாரம் நிழலில் உலரவிட்டு, மூன்று நாள் சிறு தீ மூட்டிய பிறகே சட்டியை ஏற்றலாம்.

அடுப்புச் சாம்பலில் சாம்பல் சத்து உண்டு. தேரி மணலிலுள்ள தென்னைக்கு இடலாம். உவர், களர் நிலத்தில் இடக்கூடாது. யூரியாவுடன் கலந்தும் இடக்கூடாது. தழைச்சத்து அம்மோனியா வாயுவாகிக் காற்றில் போய்விடும்.