நியூரோடைவர்ஜென்ட்: என் மகளும் அதில் சேர்த்தியா?

இங்கே மும்பையில் கல்லூரி முதலாண்டு படிக்கும் என் மகளுக்குச் செரிப்ரல் பால்சி எனப்படும் மூளை முடக்குவாதம் உண்டு. முப்பத்திரண்டாவது வாரத்திலேயே பிறந்தவள். இரண்டு கால்களும் விறைப்பு. ஊன்றுகோல் பிடித்து நடப்பாள்.

சேர்ந்த முதல் மாதமே ஒரு நாள் முகம் வாடி வந்தாள். 'நியூரோடைவர்ஜென்ட்' மாணவர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறதாம். சேரலாமா என்று கேட்கப் போனவளிடம், "உனக்குக் கால்தானே? இது மூளை வேறு மாதிரி இருப்பவர்களுக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அம்மா, நான் அதில் சேர்த்தியா, இல்லையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன். நம் சங்கக் குடும்பங்களில் வேறு யாருக்காவது பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் அந்தக் 'கால்தானே'. இந்த நோயின் மூலம் காலில் இல்லை. பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ வளரும் மூளைக்கு ஏற்படும் பாதிப்பு அது. தசைகளுக்குப் போக வேண்டிய கட்டளை சரியாகப் போவதில்லை, அதனால்தான் விறைப்பு. குறைமாதக் குழந்தைகளுக்கு மூளையின் உட்புற வெண்பகுதி எளிதில் பாதிக்கப்படும். கால்களுக்கான நரம்பிழைகள் அந்த இடத்தை ஒட்டியே செல்வதால் கைகளைவிடக் கால்களே அதிகம் விறைக்கின்றன. கண் பார்த்ததைப் பொருளாக்கிக்கொள்ளும் இழைகளும் அதன் அருகேதான் செல்கின்றன.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிறு வயதில் கணக்கு எழுதும்போது எண்கள் வரிசை மாறி நழுவும். தேசப்படத்தில் ஓர் ஊரைத் தேடச் சொன்னால் திணறுவாள். கண் டாக்டரோ பார்வையில் குறையில்லை என்றார். அஜாக்கிரதை என்று எத்தனை நாள் திட்டியிருப்பேன்! எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அடுத்தது சட்டம். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தையும் மூளை முடக்குவாதத்தையும் ஒரே பாயில் உட்கார வைத்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருபத்தொரு வகைகள். அதில் மூளை முடக்குவாதம் இருப்பது உடல் இயக்கக் குறைபாடுகளின் கீழே, அமில வீச்சில் காயமுற்றவர்களுடன். ஆட்டிசமும் டிஸ்லெக்ஸியாவும் அறிவுசார் குறைபாட்டின் கீழே. எந்த அலமாரியில் எதை வைத்தார்கள் என்பதைக் கொண்டு மூளையைப் பற்றி முடிவு கட்ட முடியாது என்று புரிந்தது. ஆனால் அந்தச் சான்றிதழ் வேண்டும். தேர்வில் கூடுதல் நேரம் அதனால்தான் கிடைக்கிறது. 'நியூரோடைவர்ஜென்ட்' என்ற சொல்லுக்குச் சான்றிதழும் கிடையாது, அது மருத்துவர் எழுதித் தரும் நோயின் பெயரும் அல்ல.

அப்படியானால் அது யார் சொல்? 2000-ஆம் ஆண்டு வாக்கில் அதை உருவாக்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த கஸியான் அஸாஸுமாஸு, ஆட்டிசம் உள்ள பெண்மணி. பெரும்பான்மையிலிருந்து விலகி இயங்கும் மூளை என்பதே அவர் கொண்ட பொருள். வலிப்பு, மனநோய், பார்க்கின்ஸன், மூளை முடக்குவாதம் எல்லாவற்றையும் அவர் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார். யாரையும் வெளியே நிறுத்த அல்ல என்றும் சொல்லியிருக்கிறார். பிற்பாடு பலர் இதை ஆட்டிசம், கவனச் சிதறல், டிஸ்லெக்ஸியா என்ற அளவில் சுருக்கிப் பேசுகிறார்கள். பழக்கத்தில் அப்படியும் உண்டு. எனக்கு முதல் பொருளே சரியாகப் படுகிறது.

"அப்போ தாத்தாவும் சேர்த்தியா?" என்றாள். என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து பேச்சுக் குழறுகிறது. அந்தப் பொருளில் பார்த்தால் அவரும்தான். ஆனால் அவரிடம் போய்ச் சொன்னால், "பேர் கிடக்கட்டும், பேச்சு வரட்டும்" என்பார். தமக்கு வந்தது நோய், அது போக வேண்டும் என்று நினைப்பவர் மேல் இந்தச் சொல்லை ஏற்ற நமக்கு உரிமையில்லை. வலிப்பு உள்ள பிள்ளைக்கு இந்தப் பெயரை வைத்துவிட்டு மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து. சொல் வேறு, சிகிச்சை வேறு.

இவ்வளவையும் ஒரு தாளில் குறித்து அவளிடம் கொடுத்தேன். நானும் கல்லூரிக்கு வந்து பேசட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்மா. நானே கேட்டுக்கிறேன்" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.