பாலர் ஆசிரியையின் பணிச்சுமையும் பணித்திறனும்

சித்தூர் மாவட்டத்துக் கங்காதர நெல்லூர்ப் பகுதியில் ஓர் அங்கன்வாடி மையத்தின் காலைப்பொழுதை மனக்கண்முன் கொணர்வோம். சில குழந்தைகள் வீட்டில் தெலுங்கு பேசுவோர். எல்லைப்புற மாவட்டமாதலின் சிலர் தமிழ் பேசுவோர். ஆசிரியை ஒரு பாட்டைத் தொடங்குகிறாள். அவ்வேளையில் கருவுற்ற தாயொருத்தி முட்டையும் பாலும் பெற வாயிலில் வந்து நிற்கிறாள். அவளுக்குக் கொடுத்துப் பதிவு செய்து திரும்புமுன், எடை பார்க்க வேண்டிய சிசுவுடன் மற்றொருத்தி வருகிறாள். பாட்டு நின்றுவிடுகிறது. மீண்டும் தொடங்கும்போது குழந்தைகள் வேறு விளையாட்டில் ஈடுபட்டிருப்பர்.

1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் ஆறு சேவைகளை வகுத்தது. துணையுணவு, தடுப்பூசி, உடற்பரிசோதனை, மருத்துவமனைக்கு அனுப்புதல், தாய்மார்க்குச் சுகாதாரப் போதனை, முன்பருவக் கல்வி என்பன அவை. தடுப்பூசி போடுவோர் சுகாதார ஊழியரே ஆயினும், தாய்மாரை அழைத்து வரும் பொறுப்பு அங்கன்வாடிப் பணியாளரையும் சார்ந்தது. 2021-இல் 'போஷண் டிராக்கர்' என்னும் கைபேசிப் பதிவும் வந்து சேர்ந்தது. 2023 மே மாதத்தில், நாள்தோறும் 2 மணி நேரமேனும் கல்வி புகட்ட வேண்டும் என மத்திய அரசு வகுத்தது. நோக்கம் நன்றே, அவ்விரண்டு மணி நேரம் எப்பணியிலிருந்து மீட்கப்படும் என்பதுதான் வினா.

ஓயாத நெருக்கடி உடலையே மாற்றும் என்பதை 1936-இல் ஹான்ஸ் செல்யே எலிகளைக் கொண்டு காட்டினார். குளிரோ காயமோ எதுவாயினும், அவற்றின் அட்ரினல் சுரப்பிகள் பருத்தன. இரைப்பையில் புண் உண்டாயிற்று. தொழிலாளரிடையே ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-இல் மற்றொன்றை விளக்கினார். வேலை மிகுதி மட்டும் மனத்தை ஒடுக்குவதில்லை. வேலை மிகுந்து, அதை எப்போது எவ்வாறு செய்வது என முடிவு செய்யும் உரிமை குறையும்போதே இறுக்கம் மிகுகிறது. பாட்டு நின்ற ஆசிரியையின் நிலை இதுவே அன்றோ? அவள் தளர்ந்து, உரத்த குரலில் எண்களை ஒப்பிக்கச் செய்வதோடு அமைந்துவிடின், மேலதிகாரிகள் அதனைச் சோம்பல் எனக் கொள்வதுண்டு. அக்கருத்து பெரும்பாலும் பிழையானது.

இதற்குத் தக்க சான்று அண்டையிலேயே உள்ளது. கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டபர் வால்ட்டர்ஸ் ஆகியோர் தமிழ்நாட்டில் 320 மையங்களை ஆராய்ந்தனர். குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்த மையங்களில் அரைநேர ஊழியர் ஒருவர் கல்விக்கெனச் சேர்க்கப்பட்டார். கற்பிக்கும் நேரம் இரட்டித்தது. 18 மாதங்களுக்குப்பின் அம்மையக் குழந்தைகள் மொழியிலும் கணக்கிலும் மற்ற மையத்தாரை விஞ்சினர். பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்துப் பணிக்கு நேரம் மிகுந்தது. குழந்தைகளிடையே வளர்ச்சிக் குறைவும் குறைந்தது. பழைய பணியாளரை மாற்றவில்லை. சுமையைப் பகிர்ந்தனர், அவ்வளவே.

ஊதியத்தையும் ஒதுக்கிவிட இயலாது. ஆந்திரத்து அங்கன்வாடி ஊழியர், பணியாளருக்கு மாதம் 11,500 ரூபாய் மதிப்பூதியமாக இருந்த காலத்தில், ஊதிய உயர்வும் பணிக்கொடையும் கோரி 2023 டிசம்பர் 12 முதல் 42 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். வீட்டுக் கவலையுடன் வருபவரிடம் மலர்ந்த முகத்தை மட்டும் எதிர்பார்த்தல் எளிது.

மேற்பார்வையாளர் புதிய உத்தரவுக்குக் காத்திராமல் செய்யத்தக்கதும் உண்டு. ஒரு வாரம், அரைமணிக்கு ஒருமுறை, பணியாளர் என்ன செய்கிறார் என்பதை அவரைக் கொண்டே ஒரு தாளில் குறிக்கச் செய்க. குறை காண்பதற்கன்று என்பதை முதலிலேயே கூறிவிடல் வேண்டும். இன்றேல் தாளில் பொய்யே நிறையும். ஒரே செய்தி ஏட்டிலும் கைபேசியிலும் இருமுறை பதியப்படுகிறதா, தாய்மார் வரும் வேளையைப் பகலுக்கு மாற்ற இயலுமா, பாட்டு நேரத்தில் உதவியாளர் வாயிலைக் கவனிக்கலாமா என்பவற்றை அத்தாளை நடுவில் வைத்து இருவரும் ஆராய்க. எந்நேரத்தை மூடிய நேரமாகக் கொள்வது என்பதைப் பணியாளரே தெரிந்தெடுக்கட்டும். அடுத்த மாதமும் அதே முறையில் ஒரு வாரம் குறித்து, நின்றுபோன பாட்டுகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.