இருபது வருடம் கழித்தும் வருமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. மாதவிலக்கு நின்று பல வருடம் கழித்து மறுபடி ரத்தப்போக்கு வந்தது. ஸ்கேனில் இடது சினைப்பையில் கட்டி. கர்ப்பப்பை, சினைப்பைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் 'அடல்ட் கிரானுலோசா செல் ட்யூமர், ஸ்டேஜ் 1ஏ' என்று இருக்கிறது. கீமோ வேண்டாம், ஆனால் ஆயுசுக்கும் செக்கப் வரவேண்டும் என்கிறார் டாக்டர். இது புற்றுநோயா? கட்டி சினைப்பையில் இருக்க, ரத்தம் ஏன் கர்ப்பப்பையிலிருந்து வந்தது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: புற்றுநோய்தான், சகோதரி. ஆனால் நிதானமாக வளரும் வகை. சினைப்பைப் புற்றுகளில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்துதான் இது.

கிரானுலோசா செல்கள் கருமுட்டையைச் சூழ்ந்திருந்து ஈஸ்ட்ரோஜன் சுரப்பவை. கட்டியான பிறகும் பெரும்பாலும் அந்த வேலையை விடுவதில்லை. அந்த ஈஸ்ட்ரோஜனால் கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்து, ரத்தம் கசியும். சிலருக்கு அங்கேயே தனியாக ஒரு புற்று தொடங்கியிருக்கும். ரிப்போர்ட்டில் 'எண்டோமெட்ரியம்' எனப்படும் அந்த உட்சவ்வு பற்றிய வரியையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டியை வெட்டினால் பல நேரம் ஒரு பக்கம் மஞ்சளாகக் கெட்டியாக இருக்கும், மறுபக்கம் ரத்தம் தேங்கிய பைகள். மைக்ரோஸ்கோப்பில் செல்லின் உட்கரு காப்பிக்கொட்டை மாதிரி நடுவே கோடு விழுந்து தெரியும். செல்கள் வட்டம்கட்டி நிற்க, நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு துளித் திரவம். இதற்கு 'கால்-எக்ஸ்னர் பாடி' என்று பெயர். 1875இல் எம்மா கால் என்ற பெண் மருத்துவரும் எக்ஸ்னரும் இதை முதலில் விவரித்தது முயலின் சினைப்பையில்! எல்லாக் கட்டியிலும் இது தென்படாது. சந்தேகம் இருந்தால் 'இன்ஹிபின்' சாயம் போட்டுப் பார்ப்போம். இந்தக் கட்டியில் ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதை 2009இல் கண்டுபிடித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் இவ்வகைக் கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அதே மாற்றம்தான்.

1ஏ என்றால் கட்டி ஒரு சினைப்பைக்குள்ளேயே, உறை கிழியாமல் இருந்தது என்று பொருள். கீமோ வேண்டாம் என்றது சரியே. ஆனால் ஐந்து வருடம் தாண்டினால் தப்பித்தோம் என்ற கணக்கு இதற்குச் செல்லாது. பத்து, இருபது வருடம் கழித்துத் திரும்பியவர்கள் உண்டு. கர்ப்பப்பையை எடுத்துவிட்டதால், முதல் தடவை எச்சரித்த ரத்தப்போக்கு இனி வராது என்பதையும் கவனியுங்கள். சினைப்பைப் புற்றுக்கு வழக்கமாகப் பார்க்கும் சிஏ-125 ரத்தப் பரிசோதனை நார்மல் என்பதை மட்டும் நம்பி இருக்கவேண்டாம். இதற்குப் பயன்படுவது இன்ஹிபின்-பி ரத்தப் பரிசோதனை.

ரிப்போர்ட்டை லேமினேட் செய்யாமல் பத்திரமாக வையுங்கள். கட்டியின் ஸ்லைடு, மெழுகு பிளாக் இரண்டையும் லேபில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பல வருடம் கழித்து வேறு ஊர் டாக்டரிடம் போகவேண்டி வந்தால், அவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.