பின்கதவுச் சாவி

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவனிடம் தீ என்று சொன்னால் அவன் மனம் முதலில் துணிக் கணக்குதான் போடும். எத்தனை ரோல், எத்தனை பீஸ், இன்சூரன்ஸ் எவ்வளவு கிடைக்கும் என்று. 11 வருடங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை மதியம் வரைக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன்.

அன்று சம்பள நாள். பணம் எடுக்க பேங்குக்குப் போயிருந்தேன். கம்பெனியில் கீழே கட்டிங்கும் துணி ஸ்டாக்கும். மாடியில் தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று 42 பேர். ஷிப்மெண்ட் நெருக்கடி, இடம் போதாமல் முன் படிக்கட்டில் பாதி அகலத்துக்கு அட்டைப் பெட்டிகளை அடுக்கியிருந்தோம். கீழே பேனல் போர்டுக்குள் மாதக்கணக்காகப் பஞ்சு படிந்து கிடந்தது. லூசாகிப் போன ஒரு ஒயர் முனை சூடாகிப் பஞ்சில் பற்ற, அது அடியில் குவித்திருந்த கட்டிங் வேஸ்ட்டில் இறங்கிவிட்டது.

கட்டிங் மாஸ்டர் தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி அமுக்கியிருக்கிறார். வரவில்லை. பின்னை உருவிவிட்டு அமுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. யாரும் என்றால் நான்தான். ஒரு பையன் குடத்தில் தண்ணீரோடு வர, எலக்ட்ரீஷியன் அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டு முதலில் மெயினை இறக்கினார். அந்த ஒரு தள்ளலில் ஓர் உயிர் பிழைத்தது என்று இப்போதும் நம்புகிறேன்.

புகை முன் படிக்கட்டு வழியாக மாடிக்கு ஏறியது. மாடியில் இருந்தவர்கள் பின்கதவுக்கு ஓடினார்கள். வெளியே இரும்புப் படிக்கட்டு இருக்கிறது. கதவில் பூட்டு. அதற்கு முந்தைய மாதம் பீஸ் குறைகிறது என்று பூட்டியவன் நான். சாவி என் சட்டைப் பையில், பேங்க் கவுண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தது. கீழே லோடு இறக்க வந்த ஒருவர் இரும்புப் படியேறி, கடப்பாரையால் வெளியிலிருந்து நெம்பித் திறந்திருக்கிறார். நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும் என்றார்கள். இருட்டுப் புகையில் அது எவ்வளவு நேரம் என்று உள்ளே நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஒரு அம்மாவுக்குக் கால் பிசகியது, ஆறு பேரை மூச்சுத் திணறலுக்காக ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். சாவு இல்லை.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். செக்கிங் பார்க்கும் அக்கா ஒருவர் கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டார்: “துணி போயிருமுன்னுதானுங்க பூட்டி வெச்சீங்க. நாங்க போயிருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?” கோபமாகக்கூட கேட்கவில்லை.

பிறகுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற சட்டைக் கம்பெனியில் 146 பேர் இறந்தார்கள். அங்கேயும் ஒரு கதவு பூட்டியிருந்தது. அங்கேயும் காரணம் திருட்டு பயம், போகிறவர்களின் பையைச் சோதிக்க வேண்டும் என்பது. முதலாளிகள் இருவரும் வழக்கில் விடுதலையானார்கள். இரண்டு வருடம் கழித்து அவர்களில் ஒருவர், வேறொரு கம்பெனியில் வேலை நேரத்தில் கதவைப் பூட்டியதற்காக மறுபடியும் பிடிபட்டு 20 டாலர் அபராதம் கட்டினார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. தீ அணைந்த மூன்றாம் மாதம் எனக்கும் அந்தப் பூட்டை மறுபடி போடக் கை அரித்தது.

2012 செப்டம்பரில் கராச்சியில் ஓர் ஆயத்த ஆடை ஆலை எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். ஜன்னல்களுக்குக் கம்பி, கதவுகளுக்குப் பூட்டு. தீயை வேண்டுமென்றே வைத்தார்கள் என்று பிற்பாடு நீதிமன்றம் சொன்னது. யார் வைத்தால் என்ன, வெளியேற வழியில்லாமல் செய்தது கம்பியும் பூட்டும்தானே. சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு சர்வதேசத் தரச் சான்றிதழ் கிடைத்திருந்தது. ஆடிட் எப்படி நடக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் ராத்திரி பெட்டிகள் பக்கத்து குடோனுக்குப் போகும், பூட்டு டிராயருக்குள் போகும். மறுநாள் சாயங்காலம் இரண்டும் திரும்பி வரும். நானும் செய்திருக்கிறேன்.

திருட்டுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். பின்கதவில் வெளிப்பக்கமாகத் திறக்கும் தள்ளுக்கம்பி போட்டேன். உள்ளிருந்து யார் தள்ளினாலும் திறக்கும், வெளியிலிருந்து திறக்காது. கதவு அசைந்தால் கம்பெனி முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு காந்த அலாரம், எதிரே ஒரு கேமரா. மொத்தச் செலவு ஒரு ஓவர்லாக் மெஷின் விலைகூட இல்லை. அன்று எனக்குப் பொருந்திய 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 38ஆம் பிரிவு, தப்பிக்கப் பாதுகாப்பான வழி வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. அந்த வழி தொழிலாளர்களுக்குப் பழக்கமாகியிருக்க வேண்டும், பயிற்சியும் தந்திருக்க வேண்டும் என்றது. படத்தை வரைந்து சுவரில் ஒட்டினால் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

பஞ்சு விஷயத்தில் ஒரு தப்பு எல்லோரும் செய்கிறோம். காற்றடிக்கும் பைப்பை வைத்து மெஷினைச் சுத்தம் செய்கிறோம். பஞ்சு எங்கேயும் போவதில்லை. பறந்து போய் டியூப்லைட் மேலும் பேனலுக்குள்ளும் உட்கார்ந்துகொள்கிறது. இப்போது வாக்குவம் வைத்து உறிஞ்சுகிறோம். பேனலுக்குத் தூசி புகாத மூடி போட்டாயிற்று. மாதம் ஒருமுறை மெயினை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியன் திறந்து துடைத்து, ஸ்க்ரூக்களை முறுக்கிப் பார்க்கிறார். ஃபியூஸ் போனால் கெட்டிக் கம்பி சுற்றும் பழக்கத்துக்கு என் கம்பெனியில் இடமில்லை.

பருத்தி இன்னொரு வகையிலும் ஏமாற்றும். அன்று அணைந்துவிட்டது என்று கொல்லையில் தூக்கிப் போட்ட வேஸ்ட் மூட்டை ஒன்று ராத்திரி 2 மணிக்கு மறுபடி புகைந்தது. வெளியே நனைந்திருந்தாலும் உள்ளே கனல் இருக்கும். பிரித்துப் போட்டு நனைத்தால்தான் சாகும். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பலில் தீ இருந்ததும் பருத்திப் பொதிகளுக்கு நடுவேதான். அதே கப்பலில் வெடிமருந்தும் இருந்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் நாம் ஏப்ரல் 14ஐத் தீயணைப்போர் நாளாக வைத்திருக்கிறோம். பஞ்சில் பிழைக்கிற ஊருக்கு அந்த நாள் கொஞ்சம் கூடுதல் சொந்தம்.

சிலிண்டரைப் பற்றி: 6 கிலோ பவுடர் சிலிண்டர் கால் நிமிடம் வந்தால் பெரிது. பின்னை உருவி, ஆறேழு அடி தள்ளி நின்று, சுடரை விட்டுவிட்டு அடியைப் பார்த்து வீச வேண்டும். வாசலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். ஒரு சிலிண்டர் தீர்ந்தும் அடங்காவிட்டால் ஓடிவிட வேண்டும். ரீஃபில் தேதி வரும்போது பழைய பவுடரை வீணாக்காமல் ஆட்களையே அடிக்கச் சொல்கிறேன். ஒருதரம் கையில் பிடித்தவருக்கு மறக்காது.

இப்போது என்னிடம் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டில் இருந்து வந்தவர்கள். முதல் ஒத்திகையில் “எல்லாரும் பின்னாடி போங்க” என்று மைக்கில் கத்தினேன். அந்தப் பையன்கள் முன் படிக்கட்டில் இறங்கி வந்து என்னிடமே என்ன விஷயம் என்று கேட்டார்கள். அதிலிருந்து அறிவிப்பு தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும். வேலை சேரும் நாளிலேயே புது ஆளைப் பின்கதவு வரை நடத்திக் கூட்டிப்போய், அவர் கையாலேயே தள்ளித் திறக்க வைக்கிறோம். வெளியே வேப்பமரத்தடியில் வருகைப் பதிவேட்டை வைத்துத் தலை எண்ணுவது சூப்பர்வைசர் வேலை. கடைசி ஒத்திகையில் எல்லோரும் வெளியே வர 1 நிமிடம் 50 விநாடி ஆனது. படிக்கட்டில் ஒரு பெட்டி இருந்திருந்தால் கூடியிருக்கும்.

இதைப் படிக்கிற முதலாளிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று ஷிஃப்ட் நடக்கும்போதே உங்கள் பின்கதவு வழியாக ஒருமுறை வெளியே போய்ப் பாருங்கள். சாவியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.